சாளைக்கு யார் கணக்கு வைப்பது?

திருச்சுழியைத் தொட்டுப் போகும் குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்தான். கமுதி, சாயல்குடிப் பக்கம் இறங்கி மன்னார் வளைகுடாவில் சேர வேண்டிய ஆறு. தண்ணீர் அந்தப் பக்கம் போவது எப்போதாவதுதான். மீனோ தினமும் இந்தப் பக்கம் வருகிறது. அருப்புக்கோட்டைத் தெருக்களில் டிவிஎஸ் 50-ன் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருபவரிடம் சீலாவும் இருக்கும், பாறையும் இருக்கும். கூலிவேலைக்குப் போகிற வீடுகளில் கைநீட்டி வாங்குவது சாளையைத்தான். விலை குறைவு, எண்ணெய்ச்சத்து அதிகம், புளி தூக்கலாக வைத்தால் குழம்பு மறுநாளும் ருசிக்கும். வானம் பார்த்த இந்த மண்ணுக்கு அது ஏழையின் சத்துணவு. அந்தச் சாளையை எவ்வளவு பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்பது நம் வீட்டுக் கேள்வியும்கூட.

சாளைக்கு உறவான ஹெர்ரிங் மீனை வட அட்லாண்டிக் நாடுகள் டன் கணக்கில் பங்கிடுகின்றன. நார்வே கரையோரம் முட்டையிடும் ஹெர்ரிங் 1960-களின் இறுதியில் ஏறக்குறைய அற்றே போனது. அது மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2007-ல் ஓர் உடன்பாடு வந்தது: நார்வேக்கு 61 சதவீதம், மிச்சம் ஐஸ்லாந்து, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், பரோயே தீவுகளுக்கு. தன் பங்கு போதாது என்று 2013-ல் பரோயே தீவுகள் விலகின. மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் இன்றும் பெரிய சண்டை இல்லை. ஆளுக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே அறிவித்துக்கொள்ள, எல்லாவற்றையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டிவிடுகிறது. நீடித்த மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சான்றையே 2020 டிசம்பரில் அந்த மீன் இழந்தது.

நம் கடலில் டன் கணக்கு கிடையாது. 600-க்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்களில், எண்ணற்ற வகை மீன் இறங்கும் கரையில் அது நடக்கிற காரியமும் இல்லை. இங்கே இருப்பது நாள் கணக்கு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வலை அறுந்து, கைகலப்பாகி, அதற்குப் பிறகு பிறந்த ஏற்பாடு இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு.

கண்மாயில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது நமக்குப் பழக்கம். அங்கே முறை நிலைப்பதற்குக் காரணம், நீர்ப்பாய்ச்சி மடையிலேயே நிற்கிறார். மடையின் அளவும் எல்லோருக்கும் தெரியும். கடலில் நாட்களைப் பங்கிட்டோம், மடையின் அளவைப் பங்கிடவில்லை. சுருக்குமடி வலை ஒரே வளைப்பில் ஒரு சாளைக் கூட்டத்தையே அள்ளிவிடும். 2000-ல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை இடைக்கால அனுமதி தந்தது. கடன் வாங்கி வலை வாங்கியவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த இரண்டு நாளில் எவ்வளவு அள்ளலாம் என்று ஒருவரும் சொல்லாதவரை, தனக்கு மீனே மிஞ்சாது என்ற கட்டுமரத்துக்காரரின் அச்சம்தான் நியாயமானது என்பேன்.

கேரளத்தைப் பாருங்கள். 2012-ல் அங்கே ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி, அதாவது நம் சாளை, கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். கடலின் வெப்பத்துக்கும் பருவமழை மாறியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வலையின் மேல் போட முடியாது. ஆனால் கெட்ட காலத்தில் மீன் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், குஞ்சு வளர்ந்து ஒருமுறையாவது முட்டையிட வேண்டும். 2015-ல் கேரளம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை போட்டது. ஏறக்குறைய ஒரு கையின் அகலம் அது.

அந்த அளவுக்கும் சிறிய பொடிசுகளை நம் கரையில் சங்காயத்தோடு, அதாவது கழிவு மீனோடு, சேர்த்துக் குவிக்கிறார்கள். மண்ணும் நண்டுக்காலும் ஒட்டிய அந்தக் குவியல் காய்ந்து, கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிறது. கிலோவுக்குச் சில ரூபாய். வளரவிட்டால் இதே மீன் பல மடங்கு எடையாகி, அருப்புக்கோட்டைக் குழம்புச் சட்டிக்கு வந்திருக்கும். பொடிசைப் பிடிப்பதற்கான அபராதம் படகோடு நின்றுவிடக் கூடாது. வாங்குகிற ஆலையும் எந்தக் கரையில், என்ன அளவு மீன், எத்தனை டன் வாங்கினோம் என்று ஏடு வைத்து மீன்வளத்துறைக்குக் காட்ட வேண்டும். டன் கணக்கை நம் கடலில் தொடங்க வேண்டுமென்றால், எடைமேடை ஏற்கெனவே இருக்கிற ஆலை வாசலில் தொடங்குவதுதான் எளிது.