சேர்ந்து மாறினால் கரண்ட் காசு குறையுமா?

மாதர் குழுக்களின் சேமிப்புக் கூட்டங்களுக்குப் போகும்போது சில வருடங்களாக ஒரு கேள்வி அவ்வப்போது எழுகிறது. லண்டனில் சனங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து கரண்ட் கம்பனியை மாற்றுகிறார்களாம், வருடத்துக்கு இருநூறு முந்நூறு பவுண் மிச்சம் பிடிக்கிறார்களாம், நாங்களும் குழுவாகத்தானே இருக்கிறோம், எங்களுக்கு ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள தங்கையோ மச்சாளோ தொலைபேசியில் சொன்ன செய்தியாக இருக்கும். நியாயமான கேள்விதான். ஆனால் லண்டனில் உண்மையிலேயே மிச்சம் வந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் வீட்டுக்கு வரும் வயர் ஒன்று, மீற்றரும் ஒன்று. ஆனால் கரண்டை விற்பவர்கள் பலர். 1999ஆம் ஆண்டிலிருந்து அங்குள்ள எந்த வீட்டாரும் தமக்கு விருப்பமான கம்பனியிடம் கரண்ட் வாங்கலாம். கம்பனி மாறினால் வயர் மாறாது, பட்டியல் அனுப்புபவர் மட்டுமே மாறுவார். புதிதாக வருபவரை இழுக்கக் கம்பனிகள் குறைந்த விலை சொல்கின்றன. மாறாமல் இருக்கும் பழைய வாடிக்கையாளருக்குக் கூடிய விலை. இது எங்கள் ஊரில் கொப்பிக் கணக்கு வைத்திருக்கும் கடையைப் போன்றது. கடன் இருப்பதால் வேறு கடைக்குப் போகமாட்டாள் என்று தெரிந்தவளுக்கு விலை குறைத்துக் கொடுப்பவர் யார்?

அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2016இல் தன் விசாரணையை முடித்தபோது, ஆறு பெரிய கம்பனிகளின் வாடிக்கையாளரில் சுமார் 70 சதவீதத்தினர் இந்தக் கூடிய விலையில்தான் இருந்தார்கள் என்று சொன்னது. 2012 முதல் 2015 வரை வீட்டுப் பாவனையாளர்கள் சராசரியாக வருடத்துக்கு 140 கோடி பவுண் அதிகமாகக் கட்டியிருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. சேர்ந்து மாறும் யோசனை வந்ததே இந்தப் பணத்தில் ஒரு பகுதியை மீட்கத்தான்.

முறை இப்படி. ஓர் அமைப்போ உள்ளூராட்சிச் சபையோ விரும்பியவர்களின் பெயர்களைப் பதிகிறது. பிறகு கம்பனிகளுக்கிடையே ஏலம் நடக்கிறது. எங்கள் ஏலச்சீட்டில் கூடிய கழிவு கேட்பவருக்குச் சீட்டுப் போவதைப்போல, அங்கே ஆகக் குறைந்த விலை சொல்லும் கம்பனிக்கு அந்தக் கூட்டம் போகிறது. ஆனால் பெயர் பதிந்தவர் மாறியே ஆகவேண்டும் என்றில்லை. விலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

2012இல் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பும் '38 டிகிரிஸ்' என்ற அமைப்பும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் நடத்தின. சுமார் 287,000 பேர் பெயர் பதிந்தார்கள். ஏலத்தில் வென்றது ஒரு கூட்டுறவு மின் கம்பனி. முடிவில் உண்மையாக மாறியவர்கள் சுமார் 37,000 பேர். அவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 223 பவுண் மிச்சம் என்று சொல்லப்பட்டது.

எங்கள் காதுக்கு வந்து சேர்வது இந்த 223 மட்டும்தான். சமூகவியல் படித்த காலத்தில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள்: சராசரி என்றால் யாருடைய சராசரி என்று கேள். இது மாறியவர்களின் சராசரி. மிச்சம் கூட வரும் என்று கண்டவர்தான் மாறுவார். ஐந்து பவுண் குறையும் என்று தெரிந்தவர் பேசாமல் இருந்துவிடுவார். மாறியவர்களின் மிச்சத்தைக் கூட்டினால் சுமார் 82 இலட்சம் பவுண் வருகிறது. அதைப் பெயர் பதிந்த எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 29 பவுண்கூட வராது. இன்னொன்றும் உண்டு. பொதுவாக இப்படியான ஏற்பாடுகளில், மாறும் ஒவ்வொரு வீட்டுக்கும் வென்ற கம்பனி ஏற்பாட்டாளருக்குத் தரகு கொடுக்கிறது. அதுவும் கடைசியில் விலைக்குள் ஒளிந்துதான் இருக்கும்.

அப்படியென்றால் எல்லாம் வெறும் பேச்சா? இல்லை. 2018இல் நடந்த ஒரு பரிசோதனை இதைத் தெளிவாக்கியது. 'ஒஃப்ஜெம்' என்பது அங்கே மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனம். அது பல வருடங்களாகக் கூடிய விலையிலேயே இருந்த 50,000 வாடிக்கையாளரைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்காகப் பேசிப் பெற்ற ஒரு விலையைக் கடிதத்தில் அறிவித்தது. எவ்வளவு மிச்சம் வரும் என்பதும் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. தொலைபேசியில் கேட்டு மாறவும் வசதி இருந்தது. கடிதம் பெற்றவர்களில் 22.4 சதவீதத்தினர் மாறினார்கள். ஒப்பீட்டுக்காகக் கடிதம் அனுப்பாமல் விடப்பட்டவர்களில் மாறியவர்கள் 2.6 சதவீதத்தினர் மட்டுமே. மாறியவர்களுக்குச் சராசரியாக 300 பவுணளவில் மிச்சம்.

இதில் 300ஐ விட எனக்கு முக்கியமாகத் தெரிவது 22க்கும் 2க்கும் உள்ள தூரம். குழுவாகச் சேர்வதால் விலை பெரிதாக விழுந்துவிடுவதில்லை. விசாரித்துத் தேடுபவர் தனியாகவே அதற்குக் கிட்டிய விலையைப் பெற்றிருப்பார். தேடத் தெரியாதவர், நேரமில்லாதவர், படிவத்தைக் கண்டு பயப்படுபவர் ஆகியோரைக் கைபிடித்து நகர்த்தியதுதான் அந்தக் குழு முறை செய்த உண்மையான வேலை. என் பார்வையில் அது சிறிய வேலையல்ல. ஆனாலும் அந்த முறையிலும் எட்டாதவர்கள் இருந்தார்கள். முற்பணம் போட்டுப் பாவிக்கும் மீற்றர் உள்ளவர்களுக்குத் தெரிவுகள் குறைவு. பழைய கம்பனிக்குக் கடன் வைத்தவரை அந்தக் கம்பனி போகவிடாமல் மறிக்கலாம். குறைந்த வருமானத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களிடையே இவை சாதாரணம். அகதியாகப் போன எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

பிறகு 2021 வந்தது. உலகச் சந்தையில் எரிவாயு விலை பாய்ந்தபோது, குறைந்த விலை சொல்லி ஆட்களைச் சேர்த்த கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த வருட நடுப்பகுதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 30 கம்பனிகள் மூடப்பட்டன. மலிவான விலைகள் சந்தையிலிருந்து மறைந்தன. அரசின் உச்சவிலைக் கணக்கின்படி ஒரு சாதாரண வீட்டின் வருடச் செலவு 2021 ஒக்டோபரில் 1,277 பவுணாக இருந்தது. 2022 ஒக்டோபரில் அது 3,549 பவுணாகியது. அரசாங்கம் தலையிட்டு அதை 2,500 அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த நாட்களில் சேர்ந்து மாற நினைத்தாலும் மாறுவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

இனி எங்கள் பக்கம். இங்கே வீட்டுக்குக் கரண்ட் விற்கப் போட்டி போடும் கம்பனிகள் கிடையாது. 2024ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது உண்மை. ஆனால் இந்தக் கம்பனி வேண்டாம், மற்றக் கம்பனி தா என்று ஒரு வீட்டுப் பாவனையாளர் கேட்கும் நிலையை அது உண்டாக்கவில்லை. விலையை அங்கீகரிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆகவே ஆயிரம் பெண்கள் சேர்ந்து போனாலும் ஏலம் நடத்த ஆளில்லை.

ஆனால் எங்களிடமும் கரண்டில் ஒரு 'சேர்தல்' இருக்கிறது. மீள்குடியேறிய கிராமங்களில் தனி இணைப்பு எடுக்கப் பணமில்லாத வீட்டார், பக்கத்து வீட்டு மீற்றரிலிருந்து வயர் இழுத்துப் பாவித்துவிட்டுப் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துக் கட்டுவார்கள். ஒரு பட்டியலை இருவர் கட்டுவது மலிவு என்றே பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் நேர்மாறு. எங்கள் நாட்டில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். 60 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்குத் தனியாக ஒரு குறைந்த விலை உண்டு.

2014 செப்டெம்பர் முதல் 2022 ஓகஸ்ட் வரை மாறாமல் இருந்த விலையை வைத்துப் பார்ப்போம். குளிர்சாதனப் பெட்டி உள்ள ஒரு வீடு மாதம் 80 யூனிட் பாவிக்கிறது. பக்கத்தில் பிள்ளைகளோடு தனியே இருக்கும் ஒரு பெண் இரண்டு மூன்று லைட்டுக்கும் ஒரு ஃபானுக்கும் 20 யூனிட் பாவிக்கிறாள். தனித்தனி மீற்றர் என்றால் முதல் வீட்டுக்கு 761 ரூபா, அவளுக்கு 80 ரூபா. ஒரே மீற்றரில் 100 யூனிட் ஓடினால் பட்டியல் 1,528 ரூபா 50 சதம். பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 764 ரூபா 25 சதம். முதல் வீட்டுக்கு ஏறியது மூன்று ரூபாவும் சில்லறையும். அவளுக்கு ஏறியது 684 ரூபா. வயர் தந்தவர் ஏமாற்றியதாக இதற்கு அர்த்தமில்லை, அவரும் தன் பட்டியல் ஏன் ஏறியது என்று தெரியாமல்தான் இருப்பார். அவள் தரும் 764 ரூபாவை உதவி என்றே இருவரும் நம்பியிருப்பார்கள்.

2022க்குப் பிறகு விலைகள் பலமுறை ஏறி இறங்கிவிட்டன. ஆகவே இந்த ரூபாக்களை அப்படியே எடுக்க வேண்டாம். யூனிட் கூடினால் விலை ஏறும் படிமுறை மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது கடைசிப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். பின்னேர வகுப்புக்குப் போகும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போதைய விலையில் 'சேர்ந்து எவ்வளவு, தனியாக எவ்வளவு' என்று எழுதிப் பார்க்கலாம். மாத வித்தியாசம் தெரிந்தால், புதிய இணைப்புக்கு ஒரேதரம் கட்டும் தொகை எத்தனை மாதத்தில் மீளும் என்பதும் தெரியும். அந்தத் தொகைக்கு மட்டும் குழுச் சேமிப்பிலிருந்து கடன் கேட்கலாம். அதுவரை வயர் இழுத்துத்தான் பாவிக்க வேண்டும் என்றால், கடையில் விற்கும் சிறிய உப மீற்றர் ஒன்றைப் பூட்டுங்கள். ஆளுக்குப் பாதி என்று பிரிக்காமல், அது காட்டும் யூனிட்டின்படி காசைப் பிரியுங்கள்.