உயிரியல் கற்றோர் செல்லும் வழிகள்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவிலே தோற்றும் மாணவருட் பெரும்பாலோர் மருத்துவபீடம் ஒன்றையே மனத்திற் கொண்டு படிக்கின்றனர். மூன்று பாடங்களிலும் நல்ல சித்தியிருந்தும், இசட் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டால் வீட்டிலே இழவு நேர்ந்தாற்போல ஆகிவிடுகின்றது. யான் கலைப் பட்டதாரி. தவளையை அறுத்துப் பார்த்தவனல்லன். ஆயினும், பெறுபேறு வெளியாகும் நாளிலே அதிபரின் கதிரையில் இருப்பவன் என்ற முறையில், இவ்விடயம் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமையுண்டு.

உயிரியல் கற்றவர் நோயாளியின் நாடியைப் பிடித்துத்தான் உயிர்காக்க வேண்டுமென்பதில்லை. நம் நாட்டு மலேரியாவின் வரலாற்றையே பாருங்கள். 1934 ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. அடுத்த ஆண்டு முடியுமுன் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ரி. மருந்து வந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டியதென்று கண்காணிப்புத் தளர்ந்தது; சில ஆண்டுகளுள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. எந்த நுளம்பு எந்த நீரில் முட்டையிடுகின்றது, எம்மருந்துக்கு அது பணியாதாயிற்று என்பவற்றை இடைவிடாது ஆராய்வோர் எத்துணை இன்றியமையாதவர் என்பது இதனாற் புலனாகும். 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் எவருமிலர் என்ற நிலையில், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதன்பின் சிறிது காலத்திற்குள்ளேயே, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வாழும் வேறோர் அனோபிலிசு இனம் மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தோர் குடம்பிகளை அள்ளி இனம்பிரிக்கக் கற்ற பூச்சியியலாளரே.

இவ்வாறான துறைகள் இன்னும் பல. பேராதனையிலே கால்நடை மருத்துவம் கற்கலாம். விவசாயத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பயிலலாம். பத்தலகொடையின் நெல் ஆராய்ச்சி, தலவாக்கலையின் தேயிலை ஆராய்ச்சி, லுணுவிலையின் தெங்கு ஆராய்ச்சி ஆகியன தாவரவியலாளருக்கும் இடமளிப்பன. 1958 இல் வெளியான எச்-4 என்னும் நெல்லினம் உழவர் வயல்களிலே பரவிய கதை தனியொரு பேச்சுக்குரியது. மருத்துவ ஆய்வுகூடம், தாதியியல், மருந்தாளுமை, சித்த மருத்துவம் என்பன யாவரும் அறிந்தனவே.

பொதுவான விஞ்ஞானப் பட்டம் மட்டும் பெற்றவர் தொழிலுக்குச் சில காலம் காத்திருக்க நேரிடலாம். அதனை மறைத்துப் பயனில்லை. ஆகையால் நாலாண்டுச் சிறப்புப் பட்டத்தை நாடுதல் நன்று. புள்ளிவிபரவியலையும் ஆங்கிலத்தையும் உடன் கற்றல் அதனினும் நன்று. ஆசிரியத் தொழிலை இறுதிப் புகலிடமாகக் கருதுவோரும் உளர். வன்னியிலும் மலையகத்திலும் உயிரியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் பிள்ளைகள் விருப்பமிருந்தும் கலைப் பிரிவுக்குத் திரும்புவதைக் கண்ட எனக்கு அக்கருத்து உடன்பாடன்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக விண்ணப்பத்திலே கற்கைநெறிகளை எழுதும் ஒழுங்கு மிக முக்கியமானது. அவ்விருப்பொழுங்கின்படியே தெரிவு நடைபெறும். மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பிள்ளையுடன் இருந்து முழுவதும் வாசியுங்கள். அயல்வீட்டார் சொல்லும் வரிசையை எழுதாது, பிள்ளை மூன்றாவதாகவும் நான்காவதாகவும் எதனை விரும்புகின்றது என்று கேட்டு எழுதுங்கள்.