வண்டிமுகப்பின் வெடிப்பும் அதனைச் சீராக்கும் முறையும்

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே வேகமானி முதலிய கருவிகளைத் தாங்கி நிற்கும் பாகத்தை டாஷ்போட் என்கிறோம். சொல்லாராய்ச்சி என் தொழிலோடு ஒட்டியதாகலின் அதிலிருந்தே தொடங்குவதை வாசகர் பொறுத்தருள்க. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குளம்புகள் வாரியெறியும் சேறு வண்டியில் இருப்போர்மேற் படாதவாறு முன்புறத்தே ஒரு பலகையேனும் தோலேனும் நிறுத்துவர். அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே இது. குதிரை போயிற்று, சேறும் போயிற்று, பெயர் மாத்திரம் நின்றுவிட்டது. இக்கட்டுரையில் அதனை முகப்பு என்றே வழங்குவேன்.

நம் பழைய மாணவருட் சிலர் மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 முதலிய வண்டிகளை இன்றும் பேணி வருகின்றனர். அவர்களுக்கு இக்கட்டுரையால் ஆகும் பயன் சிறிது. அவ்வண்டிகளின் முகப்பு உலோகத் தகட்டாலாயது. துருப்பிடிக்கலாம், வர்ணம் உதிரலாம், வெடியாது. றைலி, வூள்சிலி போன்றவற்றில் மரமுகப்பு உண்டு. அங்கே வெடிப்பது பெரும்பாலும் மேற்பூச்சு. அதனைச் சுரண்டி மீளப் பூசினாற் போதும். மரச்சீவலே பிளந்திருப்பின், இரேகை பொருந்தும் சீவலைத் தேடி ஒட்டுவதற்கு நல்ல தச்சர் ஒருவர் வேண்டும்.

தொல்லை தருவது மெத்தை வைத்த முகப்பே. மோதலின்போது தலையும் மார்பும் முகப்பில் அடிபடும் அபாயத்தைக் கருதி, அமெரிக்க அரசு 1968 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளை இயற்றிற்று. அதன்பின் அந்நாட்டுக்கு அனுப்பப்பட்ட எம்.ஜி.பி. வண்டிகளிற் பருத்த மெத்தைமுகப்பு ஒன்று ஏறியது. இங்கிலாந்தில் விற்றவற்றிலோ பழைய தகட்டு முகப்பே அப்போது தொடர்ந்தது. அம்மெத்தையின் பருமனைக் கண்டோர், வண்டி பிறந்த ஊரின் பெயரால் அதனை 'அபிங்டன் தலையணை' என்று நகையாடினர். எழுபதுகளில் வந்த யப்பானிய, ஐரோப்பிய வண்டிகள் பலவும் இவ்வகை மெத்தைமுகப்பு உடையனவே.

இது மூன்று அடுக்கினது. அடியில் உலோகச் சட்டம். நடுவே பொலியுறேதேன் என்னும் நுரைப்பஞ்சு. மேலே வினைல் தோல். கிணற்றிலிருந்து நீர் கொண்டுவரும் பீ.வி.சி. குழாயும் இத்தோலும் மூலத்தில் ஒரே பொருள் என்றால் மாணவர் வியப்பர். குழாய் விறைத்து நிற்பதும் தோல் வளைந்து கொடுப்பதும், தோலிற் கலந்துள்ள மென்மையாக்கி என்னும் எண்ணெய்போன்ற பொருளாலேயாம். கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டியின் முகப்பு 70 பாகை செல்சியஸ் வரையும் சூடேறும். அச்சூட்டில் மென்மையாக்கி சிறிது சிறிதாக ஆவியாகும். முன்கண்ணாடியின் உட்புறத்திற் படியும் பிசுபிசுப்பான மங்கற் படலத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு; நாம் அதனைத் துணியால் துடைத்தெறிகிறோம். எண்ணெய் இழந்த தோல் சுருங்குகிறது, அடிச்சட்டமோ சுருங்குவதில்லை. இவ்விழுபறியில் ஒலிபெருக்கித் துளை, காற்றுத் துவாரம் ஆகியவற்றின் மூலைகளில் முதல் வெடிப்புத் தோன்றும்.

என் தந்தையாரின் வண்டி 1978ஆம் ஆண்டில் உருவான யப்பானிய வண்டி. 1990க்குப் பின் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணத்து வண்டிகள் பலவற்றைப் போல அதுவும் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்டோபர் இறுதியில் நாங்கள் வீட்டை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது வண்டி முற்றத்தில் நின்றுவிட்டது. மறு ஆண்டு மீண்டு வந்து பார்த்தோம். கொட்டில் சரிந்திருந்தது, வண்டி வெயிலில் நின்றது, முகப்பின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. நெடுங்காலம் அதன்மேல் ஒரு துவாயை விரித்தே வண்டி ஓட்டினோம்.

பின்னாளில் அதனைத் திருத்தப் புகுந்த நான் முதலிற் செய்தது பெரும் பிழை. இரு குழாய்களிலிருந்து கலந்து பூசும் கடும்பசையை நிரப்பித் தேய்த்துக் கறுப்பு வர்ணம் பூசினேன். பார்வைக்கு அழகாயிருந்தது. அடுத்த சித்திரை வெயிலில் அப்பசையின் இருமருங்கிலும் ஒன்றுக்கு இரண்டாக வெடிப்புகள் எழுந்தன. தோல் சூட்டில் விரிந்து குளிரிற் சுருங்கும். பசையோ கல்லாய் நின்றது. ஆகவே அதன் ஓரமே அறுந்தது. நிரப்பும் பொருள் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும் என்பதே இவ்வேலையின் உயிர்நிலை. அதனை நான் அறிந்தது இவ்விலை கொடுத்துத்தான்.

செய்யும் முறை இது. முதலிற் பற்றரியின் புவித்தொடுப்பைக் கழற்றுக. கருவிகளைக் கழற்றுமுன் வயர் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டுக. முகப்பை வெளியே எடுத்துச் சவர்க்கார நீராற் கழுவி, உலர்ந்தபின் ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைக்க வேண்டும். பளபளப்புக்காகப் பூசிய சிலிக்கன் எண்ணெய் சிறிது எஞ்சினாலும் எதுவும் ஒட்டாது. வெடிப்பின் இரு நுனிகளிலும் சிறு வட்டத்துளை இடுக. கூரிய நுனியே மேலும் கிழியும், வட்டம் கிழியாது. மேலே சுருண்டெழுந்த ஓரங்களைச் சரிவாகச் சீவி, அடியிலுள்ள பொடிந்த பஞ்சைச் சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு அகற்றி, வளையுந் தன்மையுள்ள பொலியுறேதேன் நிரப்பியை இரண்டு மூன்று தடவையாக இடுக. ஒவ்வொரு தடவையும் நன்கு இறுகவிட்டு, முதலில் 80ஆம் இலக்க உப்புத்தாளும் பின் 180, 320 என நுண்ணியவையும் கொண்டு தேய்க்க. அவசரக்காரர் பலர் தவறுவது இங்கேதான்.

இனித் தோலின் வரிகள். பழுதுபடாத ஓரிடத்திற் சிலிக்கன் இறப்பரால் அச்செடுத்து, இறுகாத இறுதிப் பூச்சில் அதனை அழுத்தினால் வரிகள் ஏறக்குறையப் பொருந்திவிடும். முடிவில் வினைலுக்குரிய வர்ணத்தை முகப்பு முழுவதற்கும் மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். திருத்திய இடத்துக்கு மட்டும் தெளித்தால் ஒட்டுப்போட்ட வேட்டிபோல் தோன்றும்.

வெடிப்புகள் பலவாயின் மாற்றுவதே நன்று. வார்த்த பிளாஸ்ரிக் மூடியைப் பழைய முகப்பின்மேல் ஒட்டிவிடுவோர் உளர். செலவு குறைவே; ஆயினும் அது மருந்தன்று, மறைப்பு. பழந்தோலை உரித்துப் பஞ்சைச் சீராக்கி, சூடாக்கிய புதுவினைலை வெற்றிடத்தால் இழுத்துப் படியவைக்கும் பட்டறைகள் மேல்நாடுகளில் உண்டு; அவ்வேலையே சிறந்தது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மாற்று முகப்புகளை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. அங்கே சுக்கான் இடப்பக்கம். நம் வண்டிக்கு அம்முகப்பு பொருந்தாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய முகப்பும் நம்முடையதைப் போன்றே அரை நூற்றாண்டு வெயில் குடித்ததாதலின், வாங்குமுன் விரலால் அழுத்திப் பார்க்க. நொறுநொறுவென ஒலித்தால் விட்டுவிடுக.

இரண்டாம் முறை வேலை முடிய எனக்கு ஐந்து வார இறுதிகள் சென்றன. வண்டி இப்போது கிடுகுக் கொட்டிலில் நிற்கிறது. கண்பார்வை மங்கிய தந்தையாரை அதில் ஏற்றி அமர்த்தினேன். அவர் முகப்பின்மேல் கையை மெல்ல ஓட்டிச் சென்று ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதிலைதானே, தம்பி, வெடிச்சிருந்தது?" என்றார்.

அவர் தொட்ட இடம் வெடிப்பிலிருந்து நான்கு அங்குலம் தள்ளியிருந்தது.