மூக்குக் கண்ணாடியும் கடல் அலையும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. கடலைப் பொறுத்தவரை ஆழத்தை முதலில் அறிவது காலன்று, கண்ணே. அவ்வாறாயின் கண்பார்வை குறைந்த ஒருவர் கடலில் இறங்கி அலைச்சறுக்குப் பழகலாமா? பழகலாம் எனில் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் கோவளம் கடற்கரையை அடையலாம். அங்கிருந்து தெற்கே சென்றால் மாமல்லபுரம். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தில் அலைகளைக் கடந்த மீனவர் வாழும் கரை இது. இன்று இங்கே சறுக்குப் பலகையுடன் அலையேறும் இளைஞர் பலரைக் காணலாம். கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி ஒன்றும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றன.

ஆகவே விடுமுறை நாட்களில் நம் மாணவியரும் அங்கே செல்வது இயல்பு. அவர்களுள் கண்ணாடி அணிந்தவர்களை மட்டும் சற்றுக் கவனியுங்கள். ஒருத்தி, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தோழியரின் செருப்புக்கும் பைக்கும் காவலாகக் கரையிலேயே அமர்ந்துவிடுவாள். மற்றொருத்தி, கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கடலில் இறங்கிவிடுவாள். முன்னவள் இழப்பது ஒரு நாள் மகிழ்ச்சியை. பின்னவளோ தன் உயிரையே பணயம் வைக்கிறாள்.

கிட்டப்பார்வை என்பது யாது?

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்விழி பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். அதனால் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பாகவே விழுகிறது. இக்குறையின் அளவை 'பவர்' என்கிறோம். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால், கண்ணாடியின்றி எத்தனை மீட்டர் தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்று அறியலாம். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு முழம். மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அதற்கு அப்பாலுள்ள யாவும் தூரத்திற்கேற்ப மங்கலே!

வகுப்பில் கரும்பலகை தெரியாத மாணவி பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிச் சமாளித்து விடலாம். கடலில் பார்த்து எழுதப் பக்கத்து நோட்டு இல்லை.

மங்கிய கண்ணுக்கு மறைவது எது?

பெரிய அலை எவருக்கும் தெரியும். தெரியாமற் போவது சிறு அடையாளங்களே. அவற்றுள் மிக முக்கியமானது, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம். கரைக்கு வந்த நீர் ஒரு குறுகிய வழியாக விரைந்து திரும்பும்போது இது உண்டாகிறது. இரு புறமும் அலைகள் வெண்ணுரையாக உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் சற்றுக் கருமையாக, அலை குறைந்து காணப்படும். நீரின் நிற வேறுபாட்டையும் அதில் மிதந்து செல்லும் நுரையையும் பார்த்தே பழகியவர்கள் இதனைக் கண்டுகொள்கின்றனர். பார்வை மங்கியவளுக்கோ அமைதியாகத் தோன்றும் அவ்விடமே இறங்குவதற்கு ஏற்ற இடமாகப் படும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதில் சிக்கியவர் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகக் கூடாது. பலகையை விடாமல் பற்றி மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேறலாம்.

இது தவிர, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அடுத்துள்ளது போன்ற பாறைகளும், கரையில் நிற்கும் ஆசிரியரின் கைச் சைகையும், எதிரே வரும் மற்றவரின் பலகையும் மங்கிய கண்ணுக்கு எளிதில் புலப்படா.

எதை அணிவது?

சாதாரண மூக்குக் கண்ணாடி கடலுக்கு உதவாது. முதல் அலையே அதைக் கொண்டு போய்விடும். முகத்தில் அடிபட்டால் உடைந்து கண்ணையே காயப்படுத்தக் கூடும்.

காண்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கலாமே என்று சிலர் எண்ணலாம். மெத்தென்ற இவ்வகை லென்ஸை 1961-இல் பிராக் நகரத்து விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் பாகங்களைக் கொண்டு தம் வீட்டிலேயே அமைத்த கருவியில் வார்த்தெடுத்தார். அரிய கண்டுபிடிப்புத்தான்! ஆயினும் நீரும் லென்ஸும் சேரக் கூடாது என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரும் பல பாக்டீரியாக்களும் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே தங்கிக் கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம். பார்வையே பறிபோவதும் உண்டு. மருத்துவர் அனுமதித்தால் மட்டும், ஒரே நாள் அணிந்து எறியும் லென்ஸைப் போட்டு, அதன்மேல் நீர் புகாத கண்ணாடியும் அணியலாம். கரையேறியதும் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, லென்ஸை எடுத்து எறிந்துவிட வேண்டும். லென்ஸைக் குழாய் நீரில் கழுவி மீண்டும் அணிவது பெருந்தவறு.

நம் பவருக்கு ஏற்ற நீச்சல் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. கரையோரச் சிற்றலைகளில் பழகுவோருக்கு அவை உதவும். அலைச்சறுக்குக்கென்றே பின்புற வாருடனும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையுடனும் செய்யப்படும் கண்ணாடிகள் இன்னும் ஏற்றவை.

லேசர் அறுவை சிகிச்சை பள்ளி மாணவியர்க்கு உரியதன்று. 18 வயதுக்கு மேல், பவர் மாறாமல் நிலைத்த பின்னரே மருத்துவர்கள் அதைப் பற்றி முடிவு செய்வர்.

கண் தெரியாதவர் அலையேறுவது எப்படி?

பிரேசில் நாட்டு டெரெக் ரபேலோ பிறவியிலேயே பார்வையற்றவர். ஹவாய்த் தீவிலுள்ள பைப்லைன் என்னும் அச்சந்தரும் அலையில் அவர் சறுக்கியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் மாட் ஃபோர்ம்ஸ்டன் ஐந்து வயதில் விழித்திரை நோயால் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். அவர் 2022-இல் போர்ச்சுகலின் நசரே கடற்கரையில் மலைபோன்ற அலைகளில் சறுக்கினார். மாற்றுத் திறனாளிகளுக்கான உலக அலைச்சறுக்குப் போட்டி 2015-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. அதில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவுகளே உள்ளன.

இது எவ்வாறு இயலுகிறது? அவர்கள் தம் குறையை மறைப்பதில்லை. உடன் வரும் வழிகாட்டி, அலை எப்பக்கம் வருகிறது, எப்போது எழ வேண்டும் என்று குரல் கொடுக்கிறார். அலையின் ஓசையையும் பலகையின் அசைவையும் அவர்கள் உணர்ந்து பழகியிருக்கின்றனர். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் எல்லோரும் அறிய, துணையோடு இறங்குகிறார். மைனஸ் 4 உள்ள மாணவியோ எவரும் அறியாமல் தனியே இறங்குகிறாள். இருவருள் பெரும் ஆபத்தில் இருப்பவர் யார் என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்!

இறங்குமுன் செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதியுங்கள். மைனஸ் 6-க்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள் விழித்திரையையும் காட்டி, இவ்விளையாட்டு தகுமா என்று கேட்க வேண்டும்.

2. "எனக்குத் தூரத்துப் பார்வை குறைவு" என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கைச் சைகைக்குப் பதில் ஊதலோ குரலோ பயன்படுத்தச் சொல்லுங்கள்.

3. கண்ணாடியுடன் கரையில் பத்து நிமிடம் நின்று கடலைக் கவனியுங்கள். அலை எங்கே உடைகிறது, பாறை எங்கே, நீரோட்டம் எங்கே என்று பார்த்து மனத்தில் பதித்த பிறகே கண்ணாடியைக் கழற்றுங்கள்.

4. கரையில் பெரிய அடையாளம் ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பழங்காலத்து ஐரோப்பியக் கடலோடிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்' என்றே அழைத்தனர். மங்கிய கண்ணுக்கும் கோயிலும் கலங்கரை விளக்கமும் ஓரளவு தெரியும். அடையாளம் பக்கவாட்டில் நகர்ந்தால், நகர்வது நீங்கள்தான் என்று அறிக!

5. நன்கு பார்வையுள்ள ஒருவரை அருகிலேயே வைத்துக் கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள்.

6. தொடக்கத்தில் மென்மையான நுரைப் பலகையையே பயன்படுத்துங்கள். விழும்போது இரு கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடிக் கொள்ளுங்கள்.

7. ஆபத்துக் கொடியோ குளிக்கத் தடை என்ற அறிவிப்போ உள்ள இடத்தில், நல்ல கண்ணுடையவரும் இறங்கலாகாது.

கரையேறிய பின்

கடல் நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. நம் கண்ணீரிலோ ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே சிறிது எரிச்சல் இயல்பே. ஆனால் சிவப்பும் வலியும் நீடித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். கண்ணில் மின்னல் போன்ற ஒளியோ, திரை விழுவது போன்ற நிழலோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 1819-இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அது நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

நாள்தோறும் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடும் சிறுவர் சிறுமியர்க்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே கண்ணாடி அணிந்தவள் கரையிலேயே அமர்ந்திருக்கத் தேவையில்லை. ஆனால் இறங்குமுன், "எனக்குச் சரியாகத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், தோழியரே! கடலில் உங்களைக் காக்கும் முதல் துணை அந்த ஒரு வார்த்தையே.