நோய்க் கணக்கெடுப்பும் ஆராய்ச்சி உதவித்தொகையும்

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. தொற்றின் அளவை, முன்னர் கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனையைக் கொண்டே பெரிதும் மதிப்பிட்டு வந்தனர். ஆடவர் அக்கணக்கில் நேரடியாக அடங்கவில்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, சம்மதித்தோரிடம் இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, முடிவையும் தெரிவித்தனர். மலாவியில் 15 முதல் 64 வயதுடையோரில் நூற்றுக்கு 10.6 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 68 பேரிடம் கிருமி மருந்தால் அடக்கப்பட்டிருந்தது.

இரத்தம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. பூட்டிக் கிடந்த வீடுகள் எத்தனை? மறுத்தவர் யார்? வேலை தேடி வெளியூர் சென்ற இளைஞர்கள் விடுபட்டால் கணக்கு எப்பக்கம் சாயும்? (வீட்டுக் கணக்கெடுத்துப் பழகிய நமக்கு இத்தொல்லை புதிதன்று.) இவற்றைச் சரிசெய்யப் புள்ளியியல் அறிவு வேண்டும்; அந்நாட்டு மக்களின் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இதன்பொருட்டே முனைவர் பட்டம் பெற்ற ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு உதவித்தொகை அளித்து, மூத்த அறிஞர்களின் மேற்பார்வையில் பயிற்றுவிக்கும் ஏற்பாடுகள் தோன்றின. விவரங்களை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருக்கும் நிலை அதனால் குறையும்.

மேற்கூறிய கணக்கெடுப்புகளுக்கு அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டமே பணம் தந்தது. 2025 ஜனவரியில் அந்நாடு அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அத்தகைய வேளையில் கணக்கைத் தொடர உள்ளூர் அறிஞர்களே துணை. ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் சுகாதார இலாகாவில் நிலையான பதவி இல்லையேல், அவர்கள் வேறு தேசம் போய்விடுவார்கள். பதவியை ஒதுக்கிவிட்டே ஆளைப் பயிற்றுவிப்பது நலமென்பது நம் அபிப்பிராயம்.