விளையாட்டு இயந்திரக் குத்தகையும் வர்த்தகக் குறியும்

க.பொ.த. (உயர்தரம்) – வணிகக் கல்வி



குத்தகையையும் புலமைச் சொத்தையும் தனித்தனியே கேட்டால் நன்றாக எழுதிவிடுவீர்கள். இரண்டும் ஒரே வினாவில் சேர்ந்து வரும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். முதலில் இதனை மனதில் பதியுங்கள்: குத்தகையால் கிடைப்பது பொருளைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பொருளின் பெயர் அதனுடன் சேர்ந்து வருவதில்லை.

உதாரணம்: இலங்கைத்துறை முகத்துவாரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் திருகோணமலை நகரில் கடையறை ஒன்றை எடுத்து, நாணயமிட்டு விளையாடும் நான்கு வீடியோ விளையாட்டு இயந்திரங்களைக் குத்தகைக்குப் பெறுகிறார் எனக் கொள்வோம்.

1. ஓர் இயந்திரத்தில் அடங்கும் உரிமைகள்

அ) பெட்டி, திரை, விசைகள்: இவை பௌதிகச் சொத்து. குத்தகைக்குக் கொடுத்தவரே உரிமையாளர்.

ஆ) மென்பொருள், படங்கள், இசை: பதிப்புரிமை. பொதுவாக ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும்.

இ) புதிய தொழில்நுட்பம்: ஆக்கவுரிமை. 20 ஆண்டுகள். விளையாட்டின் விதிகளுக்கு மட்டும் ஆக்கவுரிமை வழங்கப்படுவதில்லை.

ஈ) பெயர், சின்னம்: வர்த்தகக் குறி. 10 ஆண்டுகள். மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம்.

இவற்றுக்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். பதிவு செய்யும் இடம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை.

2. வலையமைப்பினால் ஏற்பட்ட மாற்றம்

முன்பு விளையாட்டை மாற்றுவதற்கு இயந்திரத்தின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்ற வேண்டும். யப்பானின் டைட்டோ நிறுவனம் 2010இல் தொடங்கிய வலையமைப்புச் சேவையில், விளையாட்டுகள் மத்திய கணினியிலிருந்து இயந்திரத்துக்கு அனுப்பப்பட்டன. இத்தகைய முறையில் எத்தனை தடவை விளையாடப்பட்டது என்பதைத் தொலைவிலிருந்தே எண்ணி, அதற்கேற்பக் கட்டணம் அறவிடலாம். சேவையை நிறுத்தவும் முடியும். நிறுத்தினால் கடையில் எஞ்சுவது வெறும் பெட்டி. ஆகவே மேற்படி இளைஞர் கையொப்பமிடுமுன் மூன்று விடயங்களை ஒப்பந்தத்தில் தேட வேண்டும்:

• இணைப்புச் செலவு யாருடையது?
• பழுதுபார்ப்பது யார்?
• சேவை நின்றால் மாத வாடகையும் நிற்குமா?

3. பெயரைப் பயன்படுத்தல்

1980இல் யப்பானின் நாம்கோ நிறுவனம் "பக் மேன்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் உரிமம் பெற்று அதனைத் தயாரித்தபோது பெயர் "பேக்-மேன்" என மாறியது. அந்நிறுவனம்கூட உரிமம் பெற்றே தயாரித்தது என்பதைக் கவனியுங்கள். நமது இளைஞர் அப்பெயரைத் தன் கடைக்குச் சூட்டினாலோ, சட்டைகளில் அச்சிட்டு விற்றாலோ, குறியின் உரிமையாளர் வழக்குத் தொடரலாம். "இயந்திரத்துக்கு வாடகை கட்டுகிறேன்" என்பது அங்கே விடையாகாது. அதற்கு வேறாக உரிம ஒப்பந்தம் வேண்டும்.

வர்த்தகக் குறிப் பதிவு நாட்டுக்கு நாடு வேறானது. எனினும் நன்கறியப்பட்ட குறிகள் இங்கு பதியப்படாவிடினும் நமது சட்டத்தில் பாதுகாப்புப் பெறுகின்றன. "வெளிநாட்டுப் பெயர்தானே" என்று எண்ணுவது ஆபத்து.

இளைஞர் தமக்கெனச் சொந்தப் பெயரொன்றை உருவாக்கி வர்த்தகக் குறியாகப் பதிவதே சிறந்தது. குத்தகை முடிந்து இயந்திரங்கள் திரும்பிப் போனாலும், வாடிக்கையாளர் அறிந்த அந்தப் பெயர் அவரிடமே இருக்கும்.

கவனிக்க: வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறிப் பதிவு வேறு. முன்னையதைச் செய்ததால் பின்னையது கிடைத்துவிடாது. ஆக்கவுரிமைக்குரிய 20 ஆண்டுகளை வர்த்தகக் குறிக்கு எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

மாதிரி வினா: "குத்தகைக்குப் பெற்ற இயந்திரத்தின் வர்த்தகக் குறியைத் தன் கடையின் பெயராக இடக் குத்தகை பெறுநருக்கு உரிமையுண்டு." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: ஏற்க முடியாது. குத்தகை பயன்பாட்டு உரிமையை மட்டும் தருகிறது (2). குறியைப் பயன்படுத்த உரிமையாளரின் உரிமம் வேண்டும் (2).