முதல் கவுன்சலிங் ப்ளஸ் ஒன் அட்மிஷன்தான்

போன வருடம் மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் நிற்கக்கூட இடமில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், பின்னால் அவள் அப்பா நின்றிருந்தார். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் 600-க்கு 487 எடுத்திருந்தாள். அரசுப் பள்ளி. டியூஷன் கிடையாது.

"என்ன கோர்ஸ்மா?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞர்.

"பி.எஸ்சி. நர்சிங்ண்ணா."

விறுவிறுவென்று டைப் செய்துகொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "பயாலஜி மார்க் சொல்லு."

"பயாலஜி இல்லண்ணா. கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"அப்ப நர்சிங் போட முடியாதும்மா. பயாலஜி கண்டிப்பா வேணும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஃபர்ஸ்ட் குரூப்புனுதானேப்பா சொன்னாங்க? எல்லாத்துக்கும் போலாம்னாங்களே?"

கணக்கு 81, இயற்பியல் 76, வேதியியல் 84. பொறியியலுக்கு அவளுடைய கட் ஆஃப் 161. சுமாரான கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துவிடும். ஆனால், அவள் கேட்டது நர்சிங். ஆறு வயதில் பாட்டிக்குத் துணையாக அரசு மருத்துவமனையில் படுத்திருந்த நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அப்பா அதை அந்த இளைஞரிடம் சொன்னார், என்னிடமும் சொன்னார். சொன்னால் யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தார்போல.

'எந்தக் கோர்ஸுக்கு என்ன தகுதி, எவ்வளவு கட் ஆஃப்' என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதக் கிளம்பினேன். அந்த விவரங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் மே மாதம் வரும், இந்த இதழிலும் வேறு பக்கத்தில் அட்டவணையாக இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குப் பட்டது வேறு. பட்டப்படிப்புக்கான தகுதியை ப்ளஸ் டூ மார்க்கில் தேடிக்கொண்டிருக்கிறோம். அது இரண்டு வருடத்துக்கு முன்பே, ப்ளஸ் ஒன் சேர்ந்த நாளில், ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "ஏன் பயாலஜி எடுக்கலை?"

"எங்க ஸ்கூல்ல அந்த வருஷம் பயாலஜி குரூப்பே இல்ல சார். ஜூவாலஜி மிஸ் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாங்க. கம்ப்யூட்டர் குரூப்பும் காமர்ஸும்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர்தான் ஃபர்ஸ்ட் குரூப்பு, அதுல சேந்துக்கனு சொன்னாங்க."

ஒரு டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஊரில் அந்த வருடம் பத்தாம் வகுப்பு முடித்து அதே பள்ளியில் தொடர்ந்த அத்தனை பேருக்கும் டாக்டர், நர்ஸ், கால்நடை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

இதைப் பார்த்த பிறகு, ஜூன் மாதம் வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன் அட்மிஷன் நடப்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தேன். தலைமை ஆசிரியரின் மேஜையில் குரூப்புக்கு ஒன்றாக நான்கு கட்டு விண்ணப்பங்கள். வாசலில் வரிசை. உள்ளே வருகிற பிள்ளையின் மார்க் ஷீட்டை வாங்கியதும் அவர் கண் நேராகக் கணக்கு மார்க்குக்குத்தான் போனது. 70-க்கு மேல் என்றால் முதல் கட்டு. 50-ஐ ஒட்டி என்றால் காமர்ஸ். அதற்கும் கீழே என்றால் தொழிற்கல்விப் பிரிவு. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து.

ஒரு பையன் 44 எடுத்திருந்தான். "காமர்ஸ் போட்டுக்கடா" என்றார். "சரி சார்" என்றான். அவனுடைய அம்மா மட்டும், "மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லிட்டிருந்தான் சார்" என்று மெதுவாக இழுத்தார். "மொதல்ல பாஸ் பண்ணட்டும்மா, அப்புறம் பாக்கலாம்." கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த பிள்ளை உள்ளே வந்தது.

அந்தத் தலைமை ஆசிரியர் பொல்லாதவர் இல்லை. மதிய இடைவேளையில் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். கணக்கு வராத பிள்ளையை ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளி ப்ளஸ் டூவில் ஃபெயிலாக்கி வீட்டில் உட்கார வைப்பதா, காமர்ஸில் பாஸாகி பி.காம். போகட்டுமே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால், கால்நடை மருத்துவத்துக்கு ப்ளஸ் டூவில் கணக்கே தேவையில்லை. உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும்தான் கட் ஆஃபுக்கு. கணக்கு இல்லாமல் தாவரவியல், விலங்கியலோடு சேர்ந்த குரூப் ஒன்று காலம் காலமாக நம் பள்ளிகளில் இருக்கிறது. அந்தப் பள்ளியின் நான்கு கட்டுகளில் அது இல்லை. கணக்கில் 44 எடுத்த பையன் கணக்கே கேட்காத ஒரு படிப்பைக் கணக்கு மார்க்கால் இழந்தான். அவனுடைய அம்மா கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு யாராவது அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அந்த குரூப் இருக்கிறதா என்றாவது விசாரித்திருப்பார்கள்.

இந்தக் கதவுகள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். அறிவியல் குரூப் படித்தவர் சட்டம் படிக்கலாம், பி.ஏ. படிக்கலாம், பல கல்லூரிகளில் பி.காம்.கூடச் சேரலாம், சி.ஏ. எழுதலாம். காமர்ஸ் படித்தவர் பி.எஸ்சி. நர்சிங் பக்கமோ பொறியியல் பக்கமோ திரும்பவே முடியாது. கணக்கு இல்லையென்றால் பொறியியல் இல்லை, உயிரியல் இல்லையென்றால் நீட் இல்லை. ராணுவத்தின் என்.டி.ஏ. தேர்வில்கூடத் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும், கடற்படை, விமானப்படை வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் படித்திருக்க வேண்டும். இதெல்லாம் ப்ளஸ் டூ முடித்துவிட்டு விண்ணப்பம் போடும்போதுதான் பல வீடுகளுக்குத் தெரியவருகிறது.

நாம் எதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பி.யு.சி. போய் 1978-ல் ப்ளஸ் டூ வந்தது. 1984-ல் வந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு கிராமத்துப் பிள்ளைகளை வடிகட்டுகிறது என்று இருபது வருடம் பேசி, 2006-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தோம். 2017-லிருந்து நீட்டைப் பற்றிப் பேசாத நாளில்லை. அது பெரிய பிரச்னைதான், மறுக்கவில்லை. நீட் எழுதும் தகுதியையே பதினைந்து வயதில் இழந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேச்சில்லை.

கவுன்சலிங்கில் நாம் காட்டும் கவனத்தைப் பாருங்கள். இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டுவதால் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளின் கட் ஆஃப் அரை அரை மார்க்காக ஏறுகிறது, ஒரே கட் ஆஃபில் ஏராளமானவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களில் யார் முன்னே என்பதற்கு முதலில் கணக்கு மார்க். அதுவும் சமம் என்றால் இயற்பியல். பிறகு மூன்றாவது பாடம், ப்ளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்த ரேண்டம் எண். ஒரு பிள்ளைக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று இவ்வளவு யோசித்து விதி வகுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அதைப் பாராட்டுகிறேன். குரூப் ஒதுக்கும் நாளுக்கு இதில் நூற்றில் ஒரு பங்கு அக்கறை வேண்டாமா?

வசதி கொஞ்சம் இருக்கிற வீடுகள் ஒரு வழி கண்டுபிடிக்கின்றன. பத்தாவது வரை அரசுப் பள்ளி. அங்கே விரும்பிய குரூப் இல்லையென்றால் ப்ளஸ் ஒன்னுக்குக் கடனை உடனை வாங்கித் தனியார் பள்ளி. அங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை என்ற கணக்குத்தான். உயிரியல் குரூப்புக்காக இரண்டே வருடம் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளை, டாக்டராகும் தகுதியைச் சம்பாதித்து, குறைந்த மார்க்கில் டாக்டராகும் வாய்ப்பைத் தொலைத்துவிடுகிறது. செங்கம் பக்கத்தில் ஒரு தாய் நகையை அடகு வைத்து மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தார். நீட்டில் மகள் எடுத்த மார்க்குக்கு 7.5-ல் இடம் கிடைத்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோதுதான் விஷயமே தெரிந்ததாம். "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எந்த குரூப் படித்திருந்தாலும் நுழைவுத்தேர்வு எழுதி எந்தப் பட்டப்படிப்பிலும் சேர விடலாம் என்று தேசிய அளவில் ஒரு யோசனை பேசப்படுகிறது. இன்னொரு நுழைவுத்தேர்வு என்றால் இன்னொரு கோச்சிங் சென்டர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த வழி சாதாரணமானது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்காக 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன, நல்ல விஷயம். அதைப்போல ஒன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பொதுத்தேர்வுக்கு முன்பே நடக்க வேண்டும். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது என்று எல்லா உயர்நிலைப் பள்ளிச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எதற்குப் போகலாம் என்று சொல்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எதற்குப் போக முடியாது என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. ஆசிரியர் இல்லாத காரணத்தால் ஒரு குரூப் நின்றுபோனால், அது இருக்கும் பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிள்ளையைச் சேர்த்துவிடும் பொறுப்பு முதல் பள்ளிக்கே இருக்க வேண்டும். இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ப்ளஸ் ஒன்னில் சைக்கிளும் தருகிறார்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போக முடியாத தூரமில்லை, அங்கே அந்த குரூப் இருக்கிறது என்று யாராவது சொன்னால்.

பிரவுசிங் சென்டரில் பார்த்த பெண் இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். போன மாதம் அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். நன்றாகத்தான் படிக்கிறாள், நர்சிங் பற்றி இப்போது பேசுவதில்லை என்றார். சின்ன மகள் பத்தாவது வந்துவிட்டாளாம். உயிரியல் குரூப் எந்தெந்தப் பள்ளியில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் மார்க் ஷீட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பள்ளிக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். ப்ளஸ் ஒன்னில் இங்கே என்னென்ன குரூப் இருக்கும்? உயிரியலுக்கும் கணக்குக்கும் டீச்சர் இருக்கிறார்களா? என்ன படிப்பது என்று பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லையென்றால், அதற்குக் கணக்கு ஓரளவு வருமென்றால், கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்பையே கேட்டு வாங்குங்கள். ஒன்றும் பேசாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.